முடிச்சு தெரியக் கூடாது, கண்ணு

கண்ணு,

என் மில் வேலையை வைத்துக் கொச்சியில் நீ பண்ணுகிற ஆட்டத்தின் வீடியோவை அனுப்பியிருந்தாயே, மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை பார்க்கும்போது பக்கத்து லைன் வீட்டு அக்காவும் கூட உட்கார்ந்திருந்தார், "பாப்பா எதுக்கு இத்தனை நேரமா நூலைக் கட்டிக்கிட்டு நிக்குது" என்று கேட்டார், அதுதாங்க்கா அவளுக்கு அங்கே வேலை என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்துவிட்டேன். இரண்டாம் தடவை உன் அப்பாவோடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நீயே அர்த்தம் பண்ணிக்கொள். மூன்றாம் தடவை தனியாகப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து நீ பேசிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் முடிச்சு. வெள்ளைச் சுவர், வெள்ளை நூல், நடுவில் நீ, நூல் முழுக்கக் கொத்துக் கொத்தாக முடிச்சு தொங்குகிறது. கடைசியில் நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றேதான் பெரிசாகப் போடுகிறாய், அது புரிகிறது. ஆனால் உன் அம்மா 19 வருடம் கோன் வைண்டிங்கில், நூலைப் பெரிய கோனில் சுற்றுகிற இடத்தில், நின்றது முடிச்சு தெரியாமல் இருப்பதற்காக. ஸ்பின்னிங்கில் இருந்து காப் வரும், நூல் சுற்றின சின்னக் குழல், ஒரு காப்பில் இருக்கிற நூல் சில நிமிடத்தில் ஓடித் தீர்ந்துவிடும், அடுத்ததை மாட்டி, முனையைத் தேடி எடுத்து, கோனில் நிற்கிற முனையோடு சேர்த்து முடிச்சுப் போட்டு விட வேண்டும், அதற்குள் அந்தப் பக்கம் நாலு அறுந்து நிற்கும். இரண்டு முனையையும் குறுக்கே வைத்து இடது கட்டைவிரலால் அமுக்கி, ஒரு நூலை விரலைச் சுற்றி வளையம் விட்டு, இன்னொரு முனையை அந்த வளையத்துக்குள் மடக்கிவிட்டு இழுப்போம். எழுதும்போதுதான் இவ்வளவு நீளம், கைக்கு அது கண் சிமிட்டுகிற நேரம். வால் எள்ளளவுக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் அந்தக் கோன் திருப்பூர் போய், நிட்டிங் மெஷின் ஊசியில் முடிச்சு மாட்டி, பனியன் துணியில் ஓட்டை விழும், கோன் திரும்பி வரும், மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் சைடுக்கு வருவார்.

நீ கேட்ட நாட்டர், அந்தக் கையில் மாட்டுகிற சாமான், என்னிடம் இல்லை. மில் சாமானை வீட்டுக்குக் கொண்டு வந்தால் கேட்டிலேயே மானம் போய்விடும். இருந்திருந்தாலும் அனுப்ப மாட்டேன், டக்கென்று முடிச்சுப் போட்டு வாலையும் வெட்டிவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது. வெறும் கையால் போடு, சின்னதாகப் போடு. யாருக்கும் தெரியாதே அம்மா என்பாய். தெரியாவிட்டால் கிட்ட வரட்டும். நூலை அவர்கள் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவே ஓட்டிப் பார்க்கச் சொல்லு, முடிச்சு வரும் இடத்தில் விரலில் தட்டும். நாங்கள் அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

அந்த தைவான்காரர் கதை நீ சொன்னதிலிருந்து மனதிலேயே இருக்கிறது. தெச்சிங் ஷியே, உன்னை மாதிரியே தன்னை வைத்தே கலை பண்ணுகிறவர். 1980 ஏப்ரலில் தொடங்கி ஒரு முழு வருடம், நியூயார்க்கில், மணிக்கு ஒரு தடவை, வேலைக்கு வந்த நேரம் பதிகிற மெஷினில் கார்டு பஞ்ச் பண்ணியிருக்கிறார், ராத்திரி பகல் இல்லாமல். தொடக்கத்தில் மொட்டை அடித்து, ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு போட்டோ, மில்காரன் மாதிரி யூனிபார்ம் வேறு. மொத்தம் 8,760 தடவை அடித்திருக்க வேண்டும், அதில் 133 விட்டுப் போயிற்று என்றாய். எனக்குப் பிடித்ததே அந்த 133தான். தூங்கிப் போனது 94, தாமதம் 29, முந்தி அடித்தது 10 என்று எழுதி வைத்திருக்கிறார் பார், நேர்மையான மனுஷன். எங்கள் மில்லில் அஞ்சு நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் பிடித்தார்கள், பிந்தியது ஏன் என்று எழுத கார்டில் இடமே கிடையாது. சரி, நீ பிறந்து மூன்று மாதம் நானும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. யாரும் போட்டோ எடுக்கவில்லை. இதை ஒரு ஓரமாகச் சொல்லி வைக்கிறேன், உன் வேலைக்கு ஆகுமோ என்னவோ.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். அந்த முகம். வீடியோ முழுக்க எழவு வீட்டில் உட்கார்ந்தவள் மாதிரி வைத்திருக்கிறாய். யார் அப்படி இருந்தது? காலை ஷிப்ட் முழுக்க அப்படி ஒரு முகத்தோடு நின்றிருந்தால் நான் ஒரு மாதம் தாண்டியிருக்க மாட்டேன். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது, அதனால் எல்லாம் ஜாடையும் உதட்டு அசைவும்தான். மூக்கை இழுத்து நீட்டினால் மேஸ்திரி வருகிறார், அவருக்கு மூக்கு அப்படி. உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டால் கேண்டீனில் இன்றைக்குப் போண்டா. தாலிக்கயிற்றைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினால் ராத்திரி வீட்டில் சண்டை. அடிவயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினால் எனக்கு இன்றைக்கு முடியவில்லை, என் சைடையும் கொஞ்சம் பார்த்துக்கொள். இதைத் தட்டிவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், இரண்டு பேர் தானாக அந்தப் பக்கம் நகர்வார்கள். கை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் இந்தப் பேச்சு ஓடும், யாராவது ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் கோனுக்குப் பின்னால் குனிந்துகொள்வாள்.

நீயே பார்த்திருக்கிறாய். உனக்கு ஆறு ஏழு வயது இருக்கும், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வாசல் திண்ணையில் நானும் சித்தியும் தெரு லைட் வெளிச்சத்தில் ஒரு சத்தம் இல்லாமல் கையாலேயே பேசிச் சிரிப்போம், நீ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறுநாள் "அம்மா, நேத்து நீங்க ரெண்டு பேரும் என்ன டான்ஸ் ஆடினீங்க" என்று கேட்டாய். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது இந்தப் பெரிய பெண்ணுக்கு ஏன் மறந்துபோயிற்று?

சிரித்துக்கொண்டே கிடந்தோம் என்று சொல்லவில்லை. பஞ்சுத் தூசியில் ஒரு அக்காவுக்கு வந்த இருமல் கடைசி வரை நிற்கவில்லை. மில்லைப் பூட்டின பிறகு பாக்கிக் காசுக்கு நாங்கள் நடந்த நடை உனக்குத் தெரியும், வந்தது பாதிதான். அந்த வெசனம் எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்க வருகிறவர்களெல்லாம் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போகிற மாதிரி நிறுத்தி வைக்காதே. எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். பார்க்கிறவர்கள் வந்து என்ன செய்ய வேண்டும்? வீடியோவில் இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் நிற்கிறார்கள், போகலாமா கூடாதா என்று ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள், பாவமாக இருந்தது. அம்மிச்சி ஊரில் அண்ணமார் கதை, அந்தப் பொன்னர் சங்கர் கதை, ஞாபகம் இருக்கிறதா? பல ராத்திரி உடுக்கை அடித்துப் பாடி, படுகளத்தன்று சண்டையில் செத்த மாதிரி ஆட்கள் விழுந்து கிடப்பார்கள், மூச்சு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அப்புறம் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அங்கே யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒருத்தர் தண்ணீர் கொண்டு வருவார், ஒருத்தர் விசிறுவார், அழுகிற பெண்கள் அழுவார்கள், அவரவருக்கு என்ன வேலை என்று அவரவருக்குத் தெரியும். உன் கொச்சிக்காரர்களுக்கு அது தெரியாது, நீதான் ஏதாவது கொடுக்க வேண்டும். நூலைக் கொடு, இல்லையென்றால் ஒரு ஜாடையைச் சொல்லிக் கொடு, மலையாளம் தமிழ் எதுவும் வேண்டாமே அதற்கு.

சுவரில் ஒட்டப் போகிற குறிப்பை அனுப்பியிருந்தாயே, அதில் "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்பதை எடுத்துவிடு. எங்களில் யார் மான்செஸ்டரைப் பார்த்தது? ஸ்டேன்ஸ் மில் 1888-லேயே வந்துவிட்டது, ஆனால் கோயம்புத்தூர் முழுக்க மில் ஆனது 1930களில் நீலகிரியில் இருந்து பைக்காரா கரண்ட் வந்த பிறகுதான், அதைப் போடு. மில் சங்குச் சத்தம் பற்றி எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே.

உடம்பைப் பற்றி. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஒரே இடத்தில் நிற்காதே, என் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறாய். நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம், அப்படியும் இந்த கதி. நீயும் நட, நூலை இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை கட்டிவிட்டு அதோடு நட. ஒன்றுக்கு வந்தால் போ. அதுவும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் என்று சொல்லிக்கொள், நாங்களும் கேட்டுக்கொண்டுதான் போனோம்.

ஓப்பன் ஸ்டூடியோவுக்கு, நீ எல்லாருக்கும் திறந்து காட்டுகிற அந்த நாளைக்கு, வருகிறேன். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, சித்தி வருகிறாள். அவளுக்கும் ஜாடை எல்லாம் இன்னும் அத்துப்படி, வேண்டுமென்றால் எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிர்ச் சுவரில் நிறுத்திக்கொள், நடுவில் நீ நூலைக் கட்டு, நாங்கள் பேசிக்கொள்கிறோம், நீ வழக்கம்போல ஒட்டுக் கேள். வேண்டாம் என்றாலும் ஒன்றுமில்லை, ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறோம். நல்ல சேலையா, பழைய சேலையா என்று மட்டும் சொல்லிவிடு.

அந்த ஊர் மட்டை அரிசி உனக்குச் சேரவில்லை என்றாய், அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வேண்டியதெல்லாம் கட்டி எடுத்து வருகிறேன், சின்ன வெங்காயம் உரித்தே கொண்டு வருகிறேன், குக்கர் மட்டும் யாரிடமாவது கேட்டு வை. எர்ணாகுளம் ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, நாங்களே விசாரித்து போட்டில் வந்துவிடுவோம், நீ உன் பக்கத்து ஜெட்டியில் நின்றால் போதும். நான் தூரத்திலிருந்தே மூக்கை இழுத்துக் காட்டுவேன்.

அம்மா
சிங்காநல்லூர்