வழக்கு எங்கே நிற்கிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. கொஞ்ச நாளைக்குப் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படி. இங்கே எல்லாரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள், பழையதைவிட இது அவளுக்குப் பிடித்திருக்கிறது. நான் ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதற்குள் சொல்லித்தர வேண்டியது என்று மனசில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், அது நாளுக்கு நாள் நீள்கிறது.

மேல்நிலை வகுப்பில் நன்றாகப் படிக்கிற இருபது பேரை உன்னிடம் கொடுத்து, வாதக் கட்டுரை எழுதப் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஆறு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

முதலில் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கு எழுத வராமல் இல்லை. எழுத வருவதுதான் அவர்களுடைய சிக்கல். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கலாமா என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினாள். ஒரு வாரம் கழித்து எதிர்ப்பக்கம் நின்று எழுதச் சொன்னேன். இரண்டுமே குறை சொல்ல முடியாதபடி இருந்தன. “இதில் நீ எதை நம்புகிறாய்?” என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். பிறகு மெதுவாக, “அதை யாரும் கேட்டதில்லை சார்” என்றாள். அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது.

அதனால் இப்போதெல்லாம் எப்படி எழுதுவது என்று தொடங்குவதில்லை. எதைப் பற்றிச் சண்டை என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறேன். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர் இதற்கு ஒரு வழி வகுத்தார். வழக்கு எதுவானாலும் அது நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில்தான் முட்டி நிற்கும். அது நடந்ததா? நடந்ததற்கு என்ன பெயர்? அது நியாயமா? அதைத் தீர்மானிக்க இந்த அவைக்கு உரிமை உண்டா? இருவரும் வெவ்வேறு இடத்தில் நின்றுகொண்டு பேசினால், விடிய விடியப் பேசினாலும் மோதவே மாட்டார்கள்.

அந்த வாக்கு வயதையே எடுத்துக்கொள். ஒருவன் “பதினாறில் முதிர்ச்சி இருக்காது” என்கிறான். இன்னொருத்தி “வாக்கு என்பது உரிமை, முதிர்ச்சிக்குக் கொடுக்கிற பரிசல்ல” என்கிறாள். அவன் முதல் கேள்வியில் நிற்கிறான், அவள் மூன்றாவதில். ஒரு பையன் நூலகத்தில் தேடி, ஆஸ்திரியா 2007இல் வயதை 16 ஆக்கியதையும், பிரேசில் 1988 அரசியலமைப்பில் 16, 17 வயதினருக்கு விருப்பம்போல் வாக்களிக்கும் உரிமை தந்ததையும் கொண்டுவந்தான். நல்ல தரவு. ஆனால் அவளுடைய கேள்விக்கு அது பதிலே இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவனே பலகையைப் பார்த்துச் சொன்னான். நான்காவது கேள்வியை எழுதியதும் வகுப்பே கலகலத்துவிட்டது: பதினாறு வயதினரைப் பற்றிய முடிவை, அவர்களுக்கு இடமே இல்லாத அவைதானே எடுக்கிறது!

இதை விளக்க என்னிடம் உள்ள சிறந்த பாடம் வழக்குரை காதை. உனக்கு மனப்பாடம், ஆனாலும் வாதம் என்ற கண்ணோடு மறுபடி ஒருமுறை படி. பிள்ளைகளிடம் “கண்ணகி எப்படி வென்றாள்?” என்று கேட்டால் எல்லாரும் “கோபத்தால், கண்ணீரால்” என்பார்கள். வரி வரியாகப் படிக்க வைப்பேன். அவள் முதலில் தன் துயரத்தைச் சொல்வதில்லை. புறாவின் துன்பம் தீர்த்தவனையும், பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் மடித்தவனையும் சொல்கிறாள். எதிரே இருப்பவனும் மதிக்கிற அளவுகோலை முதலில் நடுவில் வைத்துவிடுகிறாள். பிறகுதான் தன் பெயர், கணவன், நடந்தது எல்லாம். அரசன் பதில் சொல்கிறான்: “கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று”, அதாவது கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது. இந்த இடத்தில் நிறுத்தி, “நீங்கள் கண்ணகியாக இருந்தால் இதற்கு என்ன மறுமொழி சொல்வீர்கள்?” என்று எழுதச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் மரண தண்டனை தவறு என்று எழுதுவார்கள், அல்லது விசாரிக்காமல் கொன்றாயே என்று வைவார்கள். கண்ணகியும் “நற்றிறம் படராக் கொற்கை வேந்தே” என்று ஒரு விளியில் அவனைக் கடிகிறாள், ஆனால் வாதத்தை அதில் நிறுத்தவில்லை. அவனுடைய நெறியை மறுக்கவே இல்லை. “என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே”, என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். இந்த ஓர் அடியில் கோபச் சொல் ஒன்றும் இல்லை. வழக்கு நிற்கும் இடம் அதுதான்: கோவலன் கள்வனா, இல்லையா.

அதற்கடுத்து நடப்பதைத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பேசுகிறேன். அரசன் அவளுடைய பேச்சைச் செவ்வை நன்மொழி என்று ஒப்புக்கொள்கிறான். தன் சிலம்பில் இருப்பது முத்து என்று, அது உடைவதற்கு முன்பே சொல்கிறான். எது தெறித்தால் தான் தோற்றவன் என்பதை முன்கூட்டியே தானே அறிவித்துவிட்டு, சிலம்பையும் தானே வரவழைத்து முன்னே வைக்கிறான். மணி தெறித்ததும் சாக்குத் தேடவில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பியதுதான் பிழை என்று சொல்லி, “யானே கள்வன்” என்கிறான். தான் பிடித்திருந்த அதே நெறியைத் தன்மேலேயே திருப்பிக்கொள்கிறான். வாதத்தில் வென்றவளிடமிருந்து கற்கிற அளவுக்குத் தோற்றவனிடமிருந்தும் கற்கலாம் என்று என் பிள்ளைகள் அந்த வகுப்பில் கண்டார்கள். இப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்: “எதைக் கண்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்?” அந்த ஒரு வரியை எழுத முடியாமல் தலைப்பையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

அரிஸ்டாட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்லித்தா, ஆனால் எத்தோஸ் (பேசுபவர்மேல் நம்பிக்கை), பேத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சி), லோகோஸ் (வாதத்தின் தர்க்கம்) என்று முத்திரை குத்துவதோடு பிள்ளைகள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள். “இங்கே பேத்தோஸ் வருகிறது” என்று எழுதிவிட்டால் ஆராய்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எந்த அவையில், யாரிடம், ஏன் அது எடுபட்டது என்று கேட்க வேண்டும். அவர் ரெட்டரிக் என்ற பேச்சுக்கலையை வெல்லும் கலை என்று வரையறுக்கவில்லை. ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் மனத்தை இசைய வைக்க என்னென்ன வழி இருக்கிறது என்று காணும் திறன் என்றுதான் சொன்னார். அந்தக் ‘காணும்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்.

சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள கண்ணியைக் காட்ட, ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958இல் தந்த வரைபடம் உதவும். சான்றிலிருந்து முடிவுக்குத் தாண்ட உனக்கு அனுமதி தருவது எது என்று அது கேட்கிறது. நான் மணிமேகலையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அறவண அடிகள் சொல்லித்தருகிற பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்ற ஐந்து உறுப்புகளும் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகின்றன. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் கண்டதுபோல. அந்த அடுக்களையை எழுத மறந்துவிடுவதுதான் எங்கள் கட்டுரைகளின் பொதுவான நோய்.

இனி நம் மொழிக்கே உரிய சில விஷயங்கள். இவற்றை எந்தப் பாடநூலிலிருந்தும் எடுக்கவில்லை, விடைத்தாள்களைத் திருத்தித் திருத்திக் கண்டது. “கருதப்படுகிறது”, “சொல்லப்படுகிறது” என்று வந்தால் ஓரத்தில் “யார்?” என்று எழுது. பாதிச் சான்றுகள் அந்த ஒரு சொல்லில் உதிர்ந்துவிடும். அடுத்தது ‘தான்’. “கல்வியும் தீர்வு” என்பதற்குக் கொஞ்சம் சான்று போதும். “கல்விதான் தீர்வு” என்று எழுதிவிட்டால், உலகத்தில் வேறு தீர்வே இல்லை என்று நிறுவ வேண்டும். இரண்டெழுத்தில் எவ்வளவு சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பிறகு ‘எனவே’. ஒருவருடைய கட்டுரையில் உள்ள எனவே, ஆகவே, ஏனெனில், ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை நிரப்பச் சொல். ‘எனவே’ இருந்த இடத்தில் அவர் ‘மேலும்’ என்று எழுதினால், அங்கே வாதம் இல்லை, வரிசைதான் இருக்கிறது.

எதிர்வாதத்தைக் கடைசியாக வைத்தேன், அதற்குக் காரணம் உண்டு. பவணந்தியாரின் நன்னூலில் எழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகள், படித்தோமே, நினைவிருக்கிறதா? முதலில் நிற்பது உடன்படல். அடுத்தது மறுத்தல். மூன்றாவது “பிறர்தம் மதமேற் கொண்டு களைவு”. மறுத்தல் என்று ஒன்றைச் சொன்ன பிறகும் பவணந்தியார் இதைத் தனியாக ஏன் சொல்ல வேண்டும்? வெறுமனே மறுப்பது வேறு, பிறர் கருத்தை முதலில் நம் தோளில் ஏற்றிக்கொண்டு, அதன் முழு எடையும் தெரிந்த பிறகு இறக்குவது வேறு. என் வகுப்பில் இதைப் பயிற்சியாகவே வைத்திருக்கிறேன். இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். எதிராளியின் வாதத்தை நீ சொல்ல வேண்டும், அவர் “ஆமாம், நான் சொல்வது இதுதான்” என்று தலையசைத்த பிறகுதான் மறுப்பை எழுதத் தொடங்கலாம். முதல் முறை நாற்பது நிமிடம் ஆகியும் நான்கு ஜோடிகள் பேனாவைத் தொடவில்லை. கணினியே கட்டுரை எழுதித் தருகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டாயே, இந்தத் தலையசைப்பை எந்தக் கருவியும் வாங்கித் தராது. எதிரே ஆள் இருக்கிறார்.

இந்தப் பயிற்சி உன்னால் வந்தது என்று உனக்குத் தெரியாது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டுச் சொற்போர். எதிரணிப் பெண் “தேர்வுக்கு மட்டுமே எல்லா எடையும் கொடுக்கக் கூடாது” என்றாள். நான் எழுந்து, “தேர்வே வேண்டாம் என்கிறார் தோழி” என்று தொடங்கி நான்கு நிமிடம் பேசினேன். அரங்கம் கைதட்டியது, கோப்பை நமக்கு வந்தது. அன்று இரவு விடுதி மாடியில் நீ ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாய்: “அவள் சொன்னது அது இல்லையே.” நான் எதையோ சொல்லி மழுப்பினேன். நீயும் விட்டுவிட்டாய். மேடையைவிட்டு இறங்கும்போது இருந்த அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தோற்ற வருத்தம் இல்லை அது. தான் சொல்லாததற்காகத் தோற்கடிக்கப்பட்டவளின் முகம். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வகுப்பில் யாராவது எதிராளியின் சொல்லைக் கொஞ்சம் வளைத்தால் உன் குரல்தான் என் வாயில் வருகிறது.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதை நேரில் பேசலாம், அது நீண்ட கதை. முதல் மாதம் மதிப்பெண்ணே போடாதே என்பது மட்டும் என் வேண்டுகோள். வரைவைத் திருப்பிக் கொடு, மறுபடி எழுத வை.

உன் இருபது பேரும் முதல் வாதத்தை எழுதியதும் எனக்கு அனுப்பிவை. என் பிள்ளைகள் உடனே மறுக்க மாட்டார்கள். உன் பிள்ளைகள் சொன்னதைத் தங்கள் சொற்களில் திருப்பி எழுதி அனுப்புவார்கள். உன்னுடையவர்கள் தலையசைக்கிறார்களா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய மேடைத் தோழன்