வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி: கொச்சிச் சுற்றுலா நிரல் பற்றிய புகார்

அனுப்புநர்:
கொச்சிப் பயணக் குழுவினர் (22 பேர்),
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாளர், குழுச் சுற்றுலாப் பிரிவு.

நாள்: 6.4.2026

பொருள்: நாள்வாரி நிரலைத் திருத்தவோ முன்பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா,

ஜூன் 18 வியாழன் இரவு கிளம்பும் கொச்சிச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு ரூ.2,000 வீதம் ரூ.44,000 முன்பணம் கட்டியிருக்கிறோம். பணம் கட்டிய பிறகுதான் நிரல் கைக்கு வந்தது. காலண்டரைப் பக்கத்தில் வைத்து எழுதிய மாதிரி தெரியவில்லை.

19ஆம் தேதி மட்டாஞ்சேரி அரண்மனை என்று போட்டிருக்கிறீர்கள். அன்று வெள்ளி, அரண்மனைக்கு வார விடுமுறையே வெள்ளிதான். அடுத்து சனிக்கிழமை பரதேசி யூத ஜெபாலயம். சனி அவர்களுக்கு ஓய்வுநாள், பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஞாயிறு காலை புனித பிரான்சிஸ் தேவாலயம்: ஆராதனை நேரத்தில் 22 பேர் உள்ளே போய் வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

சனி (ஜூன் 20) இரவு கிளம்பினாலே பாதிச் சிக்கல் தீரும். ஞாயிறு பிற்பகல் அரண்மனையும் ஜெபாலயமும். இரண்டும் நடக்கிற தூரம். ஜெபாலயத்துக்கு மதிய இடைவேளை உண்டு, மூன்று மணிக்குமேல் வையுங்கள். திங்கள் ஃபோர்ட் கொச்சி. செவ்வாய் திருப்பூணித்துறை ஹில் பேலஸ். அதைத் திங்களில் போட்டுவிடாதீர்கள், அன்று அதற்கு விடுமுறை.

ரயில் விஷயத்தில் 'எர்ணாகுளம் ஸ்டேஷன்' என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். ஜங்ஷன் (தெற்கு), டவுன் (வடக்கு) என்று அங்கே இரண்டு. திருவனந்தபுரம் மெயில் டவுனில் நிற்கும், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனுக்குப் போகும். வேன் ஒரு ஸ்டேஷனில், பெரியவர்கள் இன்னொன்றில் என்று ஆகக்கூடாது. முழுப்பணம் வந்தபின் மே மாதம் டிக்கெட் எடுப்பதாகச் சொல்வதும் சரியில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும்; ஜூன் 20க்கு என்றால் ஏப்ரல் 21 காலை 8 மணி. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான், ஆக நான்கு டிக்கெட். மே மாதம் போனால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

எங்களுக்கு அதிகம் உறுத்துவது விளம்பரத்தில் இருக்கும் 'இதமான வானிலை, விசைப்படகில் வந்திறங்கும் மீனை நீங்களே தேர்ந்தெடுத்துச் சாப்பிடும் விருந்து' என்ற வரி. இங்கே ஜூனில் குடை பிடிப்பது வெயிலுக்கு. அங்கே அது தென்மேற்குப் பருவமழைக் காலம். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14உடன் முடிகிறது என்பதால் அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள் போல. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாள். வள்ளங்களும் சீன வலைகளும் கொண்டுவருவதுதான் மீன். மீனவர் பேட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களிடம் இந்த வரியை விற்றிருக்கிறீர்கள்! அந்த விருந்துக்கான ரூ.450ஐக் கட்டணத்தில் கழித்துவிடுங்கள்.

தங்குமிடம் 'ஃபோர்ட் கொச்சிக்கு அருகில்' என்கிறீர்கள், முகவரியோ கலூர். அது காயலுக்கு இந்தப் பக்கம், எர்ணாகுளத்தில். ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் கூட்டிப்போவதாக இருந்தால் ஆட்சேபம் இல்லை, ஆனால் நிரலில் அதை எழுதுங்கள்.

ஏப்ரல் 18க்குள் திருத்திய நிரல் எழுத்தில் வர வேண்டும். இல்லையென்றால் ரூ.44,000 முழுவதையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வோம். விளம்பரத் தாள், ரசீது, நிரல் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்