செப்டம்பர் 5-க்கு முன் கூரை வேண்டும்: படிப்பகக் கட்டட நிதிக்காக நம் ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவின் வணக்கம். அம்மன் அருளால் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். வ.உ.சி. பெயரால் நாம் கட்டிவரும் படிப்பகத்தின் சுவர் பீம் மட்டம் வரை எழும்பி நிற்கிறது. கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. ஜூலை 15-க்குள் காங்கிரீட் தளம் போட்டாக வேண்டும். தளம் போட்டு மூன்று வாரம் தண்ணீர் கட்டிய பிறகுதான் சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பேன் என்று கொத்தனார் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் சொல்வதுதான் சரி. அதற்கப்புறம் பூச்சு, தரை, மின்வேலை எல்லாம் இருக்கின்றன. ஒரு வாரம் தள்ளினால்கூட செப்டம்பர் 5 அன்று கதவைத் திறக்க முடியாது. ஐப்பசி மழை வந்துவிட்டால் திறந்து கிடக்கும் சுவரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் என்ன ஆகும் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் வேண்டியது 6,45,000 ரூபாய்.

திறப்பு விழாவைத் தை மாதத்துக்குத் தள்ளினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தள்ளக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாக வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். நமக்கு அது பக்கத்து ஊர். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்தார்கள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகள் வாங்கினார். மீதியை ஊர் ஊராகப் போய், கூட்டம் போட்டு, கையேந்தித்தான் திரட்ட வேண்டியிருந்தது. காலியோ, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. அந்தக் குடையை வாங்காமல் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் நம் பக்கத்து மக்கள். அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லித்தான் நம் பெரியவர்கள் நம்மை வளர்த்தார்கள்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஜூலை 7 அன்று இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு குறையவில்லை. அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போனது. 1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. அந்த நிலையிலும் அவர் புத்தகத்தை விடவில்லை. சிறையில் மெய்யறம் எழுதினார். 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலுக்கான மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் பதிப்பித்தார். அவருடைய பெயரால் கட்டுவதற்குச் சிலையைவிடப் படிப்பகமே பொருத்தம் என்று குழு முடிவு செய்தது இதனால்தான்.

அதே செப்டம்பர் 5 அன்று, 1888-ல், திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். உதவித்தொகையில் படித்தவர். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடப் புத்தகங்கள் இலவசமாகக் கைக்கு வந்ததால் தத்துவம் எடுத்தார் என்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரி, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு என்று பாடம் நடத்தி, 1962-ல் குடியரசுத் தலைவர் ஆனார். அந்த ஆண்டிலிருந்து அவருடைய பிறந்தநாள் ஆசிரியர் நாள்.

இரண்டு பிறந்தநாளும் ஒரே நாளில் வருவதால் நம் ஊரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் நாள். அதே நேரத்தில் முக்கில் வ.உ.சி. படத்துக்கு மாலை. பிள்ளைகள் எல்லாம் பள்ளியில் இருப்பார்கள், மாலை போடும் இடத்தில் பெரியவர்கள் மட்டும் நிற்பார்கள். இரண்டு வசூல், இரண்டு மைக் செட், நடுவில் மனக்கசப்பு. வ.உ.சி. பிறந்த மண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, நம் பிள்ளைகளிடம் செப்டம்பர் 5 என்ன நாள் என்று கேட்டால் ஆசிரியர் நாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்த நாம்தான் ஓர் இடம் கட்டித் தரவில்லை. பள்ளி ஆசிரியர்களும் விழாக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து பேசி இந்தக் கட்டடக் குழுவை அமைத்ததே நம் ஊருக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று நினைக்கிறோம்.

படிப்பகத்தின் உள்சுவரில் ஒரு கருங்கல் பலகை பதிக்கப் போகிறோம். செப்டம்பர் 5 அன்று உலகத்தில் நடந்தவை அதில் பொறிக்கப்படும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குழுவில் நிறையப் பேச்சு நடந்தது. 1905-ல் ரஷ்ய-ஜப்பானியப் போரை முடித்த போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கை கையெழுத்தானது இந்த நாளில்தான். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடு வென்ற செய்தி இங்கே சுதேசி உணர்வுக்கு எவ்வளவு ஊக்கம் கொடுத்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். வ.உ.சி. கம்பெனி தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே அது பலகையில் உண்டு. 1977-ல் வாயேஜர் 1 விண்கலம் ஏவப்பட்டதும் உண்டு. இன்று பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது, மனிதன் செய்த வேறெந்தப் பொருளும் அவ்வளவு தூரம் போனதில்லை. அறிவியல் ஆசிரியர் கேட்டது அது ஒன்றைத்தான். 1986-ல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி, குழந்தைகளை மறைத்து நின்று குண்டு வாங்கி இறந்த பணிப்பெண் நீர்ஜா பனோட்டின் பெயரை நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஒருமனதாகக் கேட்டார்கள். இறக்கும்போது அவருக்கு வயது 22. இறந்த பிறகு அசோக சக்ரா வழங்கப்பட்டது.

வ.உ.சி.யின் நூற்றாண்டு நாளான 1972 செப்டம்பர் 5 அன்றுதான் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் தாக்கப்பட்டார்கள், 11 பேர் உயிரிழந்தார்கள். நல்ல நாள் பலகையில் அது எதற்கு என்று ஒரு கருத்து வந்தது. நடந்ததை மறைக்க வேண்டாம், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும் என்று முடிவாயிற்று. சான்சிபாரில் பிறந்து, பஞ்ச்கனியில் படித்து, லண்டனில் பாடகராகப் புகழ்பெற்ற பிரெடி மெர்குரி, 1946-ல் பிறந்தவர், இளைஞர்கள் வற்புறுத்தியதால் இடம்பெறுகிறார். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரும் இதே நாளில்தான், 1638-ல், பிறந்தார். கல்லில் இடம் குறைவு, அவரை விட்டுவிட்டோம்.

1997-ல் அன்னை தெரசா மறைந்த நாளும் இதுவே. அதனால்தான் ஐக்கிய நாடுகள் சபை செப்டம்பர் 5-ஐ உலக அறக்கொடை நாளாக 2012-ல் அறிவித்தது. நன்கொடை கேட்டு எழுதும் எங்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

சரி, கணக்கு. கட்டடம் 900 சதுர அடி. மொத்த மதிப்பீடு 21,80,000 ரூபாய். இதுவரை வந்தது 15,35,000. அதில் ஒரு பைசா மீதியில்லை, பில்கள் எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் எப்போதும் போய்ப் பார்க்கலாம். தளத்துக்கு மட்டும் கம்பி 97,500, சிமெண்ட் 120 மூட்டை 45,600, ஜல்லியும் எம்-சாண்டும் 38,000, சென்ட்ரிங், கம்பி கட்டுதல், காங்கிரீட் போடும் கூலி எல்லாம் சேர்த்து 1,17,000. ஆக 2,98,100 ரூபாய். இது ஜூலை 10-க்குள் கையில் வேண்டும். பிறகு பூச்சுக்கு 95,000, தரைக்கு 72,000, கதவு சன்னலுக்கு 63,900, மின்வேலைக்கு 46,000, கருங்கல் பலகைக்கு 45,000, அலமாரிக்கும் மேசைக்கும் 25,000.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. அஸ்திவாரம் தோண்டிய அன்று முதல் தொகையைக் கொண்டுவந்து வைத்தவர்கள் உப்பளத்தில் வேலை செய்யும் தாய்மார்கள். வாரக் கூலியிலிருந்து ஆளுக்கு நூறு ரூபாய் ஒதுக்கி, மாதக் கணக்கில் விடாமல் கொடுத்தார்கள். வெயிலில் கண் கூச உப்பு வாரிச் சேர்த்த காசு அது. அந்தத் தாய்மார்களின் காலைத் தொட்டு வணங்குகிறோம். தன் ஓய்வூதிய நிலுவை வந்த அன்றே ஒரு லட்ச ரூபாய் கொடுத்து, பெயர் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி. துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தம்பிகள் ஒன்றுசேர்ந்து 4 லட்சத்துக்கு மேல் அனுப்பினார்கள், அவர்களில் சிலருக்கு இங்கே சொந்த வீட்டுக்கே இன்னும் தளம் போடவில்லை. நம் ஊர்க் கொத்தனார்களும் சித்தாள்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் வந்து வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கொடுத்தார்கள். லாரி வாடகையை வேண்டாம் என்றவர், செங்கலைக் கொள்முதல் விலைக்கே கொடுத்தவர், வேலை நடந்த நாளெல்லாம் டீ போட்டுக் கொடுத்த கடைக்காரர், தன் உண்டியலை உடைத்து 412 ரூபாய் கொண்டுவந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி, பள்ளிவாசல் ஜமாஅத்தார், தேவாலய சபையார் என எல்லோருக்கும் இந்தக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

இனி, மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். தலைக்கட்டுக்கு 3,000 ரூபாய் என்று ஊர்க் கூட்டத்தில் கைதூக்கி ஒப்புக்கொண்டோம். அம்மன் கொடைக்கு வரி பாக்கி வைக்கிற வீடு நம் ஊரில் ஒன்றுகூட இல்லை. ஆனால் படிப்பக வரி இன்னும் 118 வீடுகளில் பாக்கி. முடியாதவர்களை நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். முடிந்தும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்பவர்களைத்தான் கேட்கிறோம். அம்மன் கோயில் வாசலில் பிள்ளையை முதல் எழுத்து எழுத வைக்கிறோம், அந்தப் பிள்ளை பிறகு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டாமா? 118 வீடும் கொடுத்தால் 3,54,000 ரூபாய். தளம் அதிலேயே முடிந்துவிடும். வெளியில் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

வ.உ.சி. வாழ்க்கையில் நடந்த ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவருக்கென்று சேர்த்துக் காந்தியடிகளிடம் கொடுத்த பணம் 347 ரூபாய் 12 அணா. வ.உ.சி. சென்னையில் மிகவும் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். கடிதத்துக்கு மேல் கடிதம் போய் வந்து, 1916-ல்தான் அது அவர் கைக்கு வந்தது. கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள், காந்தியடிகளும் மறக்காமல் தேடி அனுப்பினார். ஆனாலும் அந்த இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பம் பட்ட பாடு பட்டதுதான். நிதி கேட்கும் எங்களுக்கும் கொடுக்கும் உங்களுக்கும் இது பொருந்தும். செப்டம்பரில் வரும் 3,000 ரூபாய்க்கு நன்றி சொல்வோம், ஆனால் தளத்துக்கு வேண்டியது ஜூலையில் வரும் 3,000 ரூபாய்.

பணத்தைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு வங்கிக் கணக்கில் செலுத்தலாம். கணக்கு எண் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கூட்டுறவுக் கடை வாசலிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. ரொக்கமாகக் கொடுப்பவர்கள் கண்டிப்பாக ரசீது கேட்டு வாங்குங்கள், ரசீது இல்லாமல் குழுவின் பெயரால் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஒரே தடவையில் முடியாதவர்கள் ஆனி, ஆடி இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். சிமெண்ட் மூட்டையாகத் தர விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மழைபடாமல் வைக்க ஏற்பாடு செய்துகொள்வோம். ஞாயிறுதோறும் காலை 7 மணிக்கு மேல் குழுவினர் வீடு வீடாக வருவோம். கதவைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினாலே போதும், அன்றே பணம் தர வேண்டும் என்பதில்லை.

புத்தகம் தருவதாகச் சொன்னவர்கள் ஆகஸ்ட் 15-க்குப் பிறகு கொண்டுவாருங்கள். இப்போது வைக்க இடமில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களும் போட்டித் தேர்வு நூல்களும் முதலில் வேண்டும்.

இப்படிக்கு,
படிப்பகக் கட்டடக் குழுவினர்