சித்திரையில் வெட்டும் முகத்துவாரம் ஐப்பசிக்கு நிற்காது

கடைமடை ஆறுகளின் முகத்துவாரங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

மேட்டூர் ஜூன் 12-இல் திறப்பதற்குள் தூர் வாரி முடிக்க வேண்டும் என்ற கணக்கில், வாய்க்கால்களோடு சேர்த்து முகத்துவாரங்களையும் ஏப்ரல், மே மாதங்களில் பொக்லைன் விட்டு வெட்டுகிறீர்கள். வாய்க்காலுக்கு அது சரியான காலம். முகத்துவாரத்துக்கு அதைவிடத் தவறான காலம் இல்லை.

காரணம் காற்று. சோழகம் என்ற தென்காற்று வீசும் மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடித்து, கரை மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே போகிறது. அந்த மணல் ஆற்று வாயில் வந்து விழும். தள்ளிவிட ஆற்றில் நீர் இருக்காது. ஜூனில் திறந்த தண்ணீரும் குறுவைக்குப் பிரிந்து, கடைசி ரெகுலேட்டரை (ஆற்றின் குறுக்கே பலகை வைத்து நீரை அடைக்கும் மதகை) தாண்டிச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். காவிரியே பூம்புகாரில் ஒரு வாய்க்கால் அளவில்தான் கடலைச் சேருகிறது. வெள்ளத்தின் பெரும்பங்கை முக்கொம்பிலேயே கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. காரைக்காலில் அரசலாறு, நாகூரில் வெட்டாறு, வேளாங்கண்ணி அருகே வெள்ளையாறு ஆகியவற்றின் பங்கும் சிறியதுதான். சித்திரையில் வெட்டிய ஓடை ஆடிக்குள் மேடாகிவிடும். ஐப்பசியில் மழை வெள்ளம் வந்து முட்டும்போது மறுபடியும் அவசரமாக ஓர் இயந்திரம் தேட வேண்டியிருக்கிறது.

முகத்துவாரத்தை ஆண்டு முழுதும் திறந்து வைப்பது பொக்லைனும் அல்ல, வெள்ளமும் அல்ல. நாளுக்கு இருமுறை உள்ளே ஏறி வெளியே வற்றும் கடல்நீர்தான். ஒரு தோராயக் கணக்குப் பாருங்கள். ஆற்றின் அகலம் 40 மீட்டர், ஏற்றம் உள்ளே போகும் தூரம் 5 கிலோமீட்டர், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு அரை மீட்டர் என்று வைத்தால், ஒரு வற்றத்தில் வெளியேறுவது 1 லட்சம் கன மீட்டர். ஆறு மணி நேரத்துக்குப் பிரித்தால் வினாடிக்கு ஏறக்குறைய 160 கன அடி. எந்த அணையிடமும் கேட்காமல் கிடைக்கிற தண்ணீர் இது. கடலிலிருந்து 2 கிலோமீட்டரில் ரெகுலேட்டரைக் கட்டி மூடினால் இது 65 கன அடியாகச் சுருங்கும். இறால் பண்ணைக்காரர்கள் கழியோரத் (கடல்நீர் ஏறி நிற்கும் ஆற்று வாய்ப் பகுதியோரத்) தாழ்நிலத்தைக் கரை போட்டு அடைத்தால் அதிலும் ஒரு பங்கு போகும். கடலோர இறால் பண்ணைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னபோது எல்லோரும் உவரையும் கழிவுநீரையும் பேசினோம். ஏற்றநீர் ஏறி நிற்கும் இடம் பறிபோனதை யாரும் பேசவில்லை.

இதிலிருந்தே ஓடையின் அளவும் வந்துவிடுகிறது. மணல் தங்காமல் இருக்க வற்றத்தின் உச்சவேகம் வினாடிக்கு 1 மீட்டர் வேண்டும். மேலே சொன்ன 1 லட்சம் கன மீட்டர், சுமார் 7 சதுர மீட்டர் வாயைத்தான் சுத்தமாக வைத்திருக்கும்: 10 மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் ஆழம். நீங்கள் 40 மீட்டர் அகலத்துக்கு வெட்டினால் வேகம் செத்து, அன்றைக்கே மணல் படியத் தொடங்கும். கன மீட்டருக்குப் பில் போடும் வேலையில் ஓடை அகலமாகத்தான் இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். வெள்ளத்துக்குப் போதாதே என்று பயப்பட வேண்டாம். வாய் திறந்திருந்தால் வெள்ளம் தனக்கு வேண்டிய அகலத்தைத் தானே அறுத்துக்கொள்ளும்.

ஆகவே புரட்டாசியில் வெட்டுங்கள். உள்ளிருந்து கடலை நோக்கி வெட்டிக்கொண்டு வந்து, கடலோரம் 5 மீட்டர் அகல மேட்டை மட்டும் விட்டுவையுங்கள். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில், ஏற்றம் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியதும் அந்த மேட்டை உடையுங்கள். உள்நீர் கடலைவிட அரை மீட்டராவது உயர்ந்திருந்தால் அடுத்த ஆறு மணி நேரம் ஆறே வெட்டும். வற்றத்தின் அடியில் உடைத்தால் அடுத்த ஏற்றம் மணலை உள்ளே தள்ளிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மாதக்கணக்கில் அடைபட்ட கழியில் மேல்நீர் மட்டும்தான் உயிருள்ளது. அடியில் உப்பு கனத்து, மூச்சுக்காற்று தீர்ந்து, அழுகிய முட்டை வாடையோடு கிடக்கும். ஆற்றில் வரத்து இல்லாத நாளில் திடீரென்று வடித்தால் நல்ல நீர் முதலில் போய்விடும், மிச்சத்தில் மடவை மீனும் கொடுவா மீன் குஞ்சும் செத்து மிதக்கும். அன்றைக்கு மேல் ரெகுலேட்டரிலிருந்து நீர் வந்துகொண்டிருக்க வேண்டும். வெங்காயத்தாமரையையும் அதற்கு முன்பே கரையேற்றிவிடுங்கள். உப்பில் அது செத்து அடியில் அழுகினால் இருக்கிற காற்றையும் தின்றுவிடும்.

எடுத்த மணலை லாரியில் ஏற்றாதீர்கள், அலையாத்திக் கரையிலும் கொட்டாதீர்கள். அது கடற்கரையின் சொத்து, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல். வாய்க்கு வடபுறக் கரையில் பரப்புங்கள். தென்புறம் கொட்டினால் திரும்பி வரும். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) போட்ட இடங்களில் தெற்கே மேடு ஏறி வடக்கே கரை அரிப்பதும் இதே கணக்குத்தான். பங்குனி ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் மார்ச் வரை அந்த மணல்மேட்டில் இயந்திரமே இறங்கக் கூடாது.

கோடியக்கரைக்கு மேற்கே இதெல்லாம் பொருந்தாது. முத்துப்பேட்டையில் அலை குறைவு. அங்கே அடைப்பது மணல் அல்ல, வண்டல். கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் நல்ல தண்ணீர் வராத கோடையில் உப்பு கடலையும் மிஞ்சி, வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் குட்டையாகிப் போகிறது.

கடைசியாக ரெகுலேட்டர் பலகைகள். உவர் ஏறாமல் இருக்க அவை வேண்டும். விவசாயிகள் கேட்டுத்தான் வந்தன. ஆனால் கடலில் பொரித்த வெள்ளை இறால் குஞ்சு ஏற்றத்தோடுதான் உள்ளே வரும், வளர்ந்து வற்றத்தோடு திரும்பும். எந்நேரமும் மூடிய பலகை இரண்டையும் தடுக்கிறது. மேலிருந்து நீர் வரும் நாட்களில் ஒரு பலகையையாவது ஒரு சாண் தூக்கி வையுங்கள். மழைக்காலத்தில் வற்றத்துக்குத் திறந்து ஏற்றத்துக்கு மூட வேண்டும். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். காலை பத்து மணி அலுவலக நேரம் அதற்கு ஒத்துவராது. பலகைக்காரர் கையில் ஓத அட்டவணையும் (ஏற்ற, வற்ற நேரப் பட்டியலும்) உப்புமானியும் கொடுங்கள். உப்பை மேல்நீரில் பார்த்தால் ஏமாந்துபோவோம். மூடிய பாட்டிலைக் கம்பில் கட்டி அடியில் இறக்கி, அங்கே திறந்து எடுத்த நீரில் பார்க்க வேண்டும். மண்ணின் உப்பு மீட்டருக்கு 3 டெசிசைமன்சை (மின்கடத்தலால் உப்பை அளக்கும் அலகு) தாண்டினால் நெல் மகசூல் இறங்கத் தொடங்கும். கடல்நீர் 50-ஐ ஒட்டி நிற்கும். அடிநீரில் பார்த்த எண்ணைத் தினமும் ரெகுலேட்டர் சுவரில் எழுதி வைத்தால், பலகையைத் தூக்குவதா இறக்குவதா என்ற சண்டை பாதி குறையும்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசனக்காரர்களும் கழி மீனவர்களும்