நிசப்தம் மெத்தையிலிருந்து வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய சொகுசுக் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ரோல்ஸ்-ராய்ஸ் ‘சில்வர் கோஸ்ட்’ பற்றிய பகுதியில் தோல் மெத்தைகளுக்கும், வெள்ளி முலாம் பூசிய விளக்குகளுக்கும், அவற்றை வாங்கிய மகாராஜாக்களுக்குமே முக்கால் பாகம் போய்விட்டது. எஞ்சினுக்குக் கிடைத்தது ஒரே வரி. உலகின் முதல் ஆறு சிலிண்டர் கார் என்பதால் அது சத்தமின்றி ஓடியது என்று அந்த வரி சொல்கிறது. ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைக் கண்டும் காணாமல் போக மனம் வரவில்லை.

முதலாவதாக, அது முதல் ஆறு சிலிண்டர் கார் அல்ல. 1903-லேயே ஹாலந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் ஆறு சிலிண்டர் பந்தயக் கார் ஒன்றைச் செய்துவிட்டது. இங்கிலாந்தில் நேப்பியர் நிறுவனம் 1904 முதல் அத்தகைய கார்களை விற்றுவந்தது. ரோல்ஸ்-ராய்ஸின் பொறியாளர் ஹென்றி ராய்ஸ், பின்னாளில் சில்வர் கோஸ்ட் என்று அறியப்பட்ட 40/50 குதிரைத்திறன் காரை லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்தது 1906-இன் இறுதியில்தான்.

ஆறு சிலிண்டர் என்பதாலேயே சத்தமில்லை என்பது இதைவிடப் பெரிய பிழை. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டரில் முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் ஜோடி ஜோடியாக ஏறி இறங்குவதால், பிஸ்டன்கள் மேலும் கீழும் உதைக்கும் விசைகள் ஒன்றையொன்று தாமாகவே கழித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சிலிண்டர்கள் கூடக்கூட, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டும் நீள்கிறது. அதன் பின்முனையை ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் பிடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வெடிப்பும் முன்பகுதியை ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிவிடுகிறது. முறுக்கேறிய இரும்பு சுருள்வில்லாகத் திரும்ப விரிகிறது. இந்த முறுக்கதிர்வும் வெடிப்புகளின் தாளமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒத்துப்போனால் கார் முழுவதும் நடுங்கும், கவனிக்காமல் விட்டால் ஷாஃப்டே முறியும். அக்காலத்து ஆறு சிலிண்டர் கார்கள் பலவற்றுக்கும் இது தீராத தலைவலியாக இருந்தது. ராய்ஸ் தாமே 1905-இல் செய்த 30 குதிரைத்திறன் காரிலும் கிராங்க் ஷாஃப்டுகள் உடைந்தன.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு லாரியின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் அதிர்வை உறிஞ்ச இருந்த டேம்பர் புல்லியின் ரப்பர் இறுகி வெடித்துவிட்டது என்று, லேத்தில் கடைந்த சாதாரண புல்லி ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். பெல்ட் ஓடியது, வண்டியும் ஓடியது. சில மாதங்களில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டாகிப் பட்டறைக்கு வந்தது. எண்ணெய்த் துளையின் ஓரத்தில் தொடங்கிய விரிசல் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் ஓடியிருந்தது. உடைந்த முகத்தில் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதுபோல் வரி வரியாகத் தடங்கள். முறுக்கதிர்வு எழுதிவைத்துவிட்டுப் போகும் கையெழுத்து அது. அந்தத் துண்டை வகுப்பு மேசையில் வைத்த பிறகு, முன்புல்லியில் எதற்கு ரப்பர் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை.

ராய்ஸ் இந்த நோயின் வேரையே பிடித்தார். புதிய எஞ்சினில் சிலிண்டர்களை மூன்று மூன்றாக இரண்டு வார்ப்புகளாக்கி, கிராங்க் ஷாஃப்டின் ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும்படி அமைத்தார். ஷாஃப்டைத் தடிமனாக்கி, ஏழு பேரிங்குகளில் தாங்கவைத்து, அதன் உள்ளே துளையிட்டு அழுத்தத்தோடு எண்ணெய் பாயச் செய்தார். பின்னாளில் ஷாஃப்டின் முன்முனையில் உராய்வால் அதிர்வை விழுங்கும் சிறு ஃப்ளைவீல் ஒன்றும் சேர்ந்தது. அந்த லாரியில் கழற்றி எறிந்த புல்லிக்கு அதைப் பாட்டன் எனலாம். சிலிண்டரும் அதன் மேல்மூடியான ஹெட்டும் ஒரே வார்ப்பு என்பதால், இரண்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் என்ற பேச்சே கிடையாது. சிலிண்டரின் உள்விட்டமும், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் தலா நாலரை அங்குலம், கொள்ளளவு 7036 சி.சி., திறனோ ஏறக்குறைய 48 குதிரைத்திறன்தான். இன்றைய ஒரு லிட்டர் சிறிய கார்கூட இதைவிட அதிகம் தரும். ஆனால் அந்த 48-ஐயும் நிமிடத்துக்கு 1250 சுற்று என்ற நிதானமான வேகத்திலேயே தந்துவிட்டதால், எஞ்சின் எப்போதும் அவசரமில்லாமலே ஓடியது.

இதற்கு அத்தாட்சி 1907-ஆம் ஆண்டின் சோதனை ஓட்டம். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் 15,000 மைல் ஓடிய அந்தக் கார், 629-ஆவது மைலில் பெட்ரோல் குழாயின் திருகு குலுங்கித் தானே மூடிக்கொண்டதால் ஒரு முறை நின்றது. அதற்குப் பிறகு மீதமிருந்த 14,371 மைலும் கோளாறு என்று ஓரிடத்திலும் நிற்கவில்லை. பின்னர் எஞ்சினைப் பிரித்து அளந்து, காரைப் புதிதுபோலாக்க வேண்டிய உதிரிபாகங்களுக்குக் கணக்குப் பார்த்தபோது வந்த தொகை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். கட்டுரையாளர் இந்தத் தொகையை ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். வெள்ளி விளக்குகளைவிட அது எனக்குச் சுவையாகப் படுகிறது.

படத்துக்குக் கீழிருந்த குறிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1926 வரை உற்பத்தியான அத்தனை கார்களுக்கும் தொடக்கம் முதலே ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர் என்பதுபோல் அது எழுதப்பட்டிருக்கிறது. விற்பனைப் பட்டியலில் அவற்றின் பெயர் வெறும் 40/50 குதிரைத்திறன்தான். சில்வர் கோஸ்ட் என்பது, நிறுவனத்தின் நிர்வாகி கிளாட் ஜான்சன் அலுமினியப் பூச்சு அடிக்கச் செய்து பெயர்ப் பலகை பொருத்திய, ஏ.எக்ஸ். 201 என்ற பதிவெண் கொண்ட ஒரே ஒரு காருக்கு உரிய பெயர். 15,000 மைல் ஓடியதும் அதே கார்தான். 1925-இல் ஃபேன்டம் என்ற புதிய கார் வந்த பிறகே, பழையதைப் பிரித்துச் சொல்ல வேண்டி அந்தப் பெயர் மொத்த வரிசைக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த இணைப்பில் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
கோவை.