குளிரையும் பரம்பரையையும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்று கேட்டால் கூட்டங்களில் இரண்டு பதில்தான் வரும். ஒன்று மலைக் குளிர், மற்றது 'அதுகளின் பரம்பரை அப்படி'. மஸ்கெலியாப் பக்கம் பிள்ளை மடுவம் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இரண்டையும் நான் நம்பவில்லை.

2016ஆம் ஆண்டு குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுவதும் 17 வீதம், நகரத்தில் 15 வீதம். தோட்டத்தில் 32 வீதம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வளர்ச்சி அளவுகோலை வெளியிட இந்தியா, கானா, நோர்வே உட்பட ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து பார்த்தது. நல்ல பராமரிப்பு இருந்தால் முதல் ஐந்து வருடம் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்கிறார்கள். அப்புறம் பரம்பரை எங்கே வந்தது?

எனக்குத் தெரிந்த அக்கா, தங்கை இருவர். தங்கையை ஹட்டன் டவுனில் கட்டிக்கொடுத்தார்கள், அக்கா தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருந்துவிட்டாள். தீபாவளிக்கு வரும் தங்கை மகள் ஒரு வயது இளையவள், ஆனால் பெரியம்மா மகளைவிட உயரம். ஹட்டனிலும் மலைக் குளிர்தான், பரம்பரையும் ஒன்றுதான்.

அக்காவின் காம்பரா (அறை) கீழ் லயத்தில். மேல் லயத்துக் கக்கூஸ் குழி நிறைந்தால், மழையோடு வழிந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலேதான் இறங்கும். பிள்ளை தவழ்ந்தது கழிவுநீர்க் கானோரத்தில். அடிக்கடி வயிற்றோட்டம். தின்னாத பிள்ளையில்லை, தின்றது உடம்பில் ஒட்டவில்லை. திரும்பத் திரும்பக் கிருமி போனால் குடல் சத்தைச் சரியாக உறிஞ்சாது. போதாததற்கு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) விறகடுப்பு, பத்துக்குப் பன்னிரண்டடி அறை முழுக்கப் புகை, ஓயாத இருமல்.

கிளினிக்கில் ஏச்சு வாங்குவது மட்டும் தாய். "முட்டை குடுக்கிறதில்லையா?" என்று கேட்டு, திரிபோஷ சத்துமாப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். திரிபோஷ நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. அதைப் பிசைவதும் அந்தப் பீலித் தண்ணீரில்தானே!

இன்னொன்று. எங்கள் மடுவத்தில் தராசு இருந்தது, உயரம் அளக்கும் பலகை கிடையாது. குட்டையான பிள்ளை கொழுகொழுவென்றும் இருக்கும், தராசைப் பார்த்து யாருக்கும் கவலை வராது. இரண்டு வயது தாண்டிக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பிந்திப் போயிருக்கும்.

தோட்டத்து மக்களுக்குச் சொந்தக் காணியில் தனி வீடு கட்டுவதை வரவேற்கிறேன். ஆனால் நாடா வெட்டுமுன் குழாயில் சுத்தமான தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வீடு வரும்வரை லயத்தில்தான் இருக்கப் போகிறார்கள் என்பதால், கீழ் லயங்களின் கக்கூஸ் குழியையும் கானையும் இந்த மழைக்கு முன்பே தோட்ட நிர்வாகங்கள் திருத்தட்டும். ஒவ்வொரு மடுவத்துக்கும் ஓர் அளவுப் பலகை கொடுங்கள். தச்சாசாரி ஒருவர் அரை நாளில் செய்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிள்ளை மடுவப் பொறுப்பாளர்,
நுவரெலியா மாவட்டம்