மா பூத்ததும் சொல்கிறேன்

காவேரிப்பட்டணம்
தை 6

அன்புள்ள கண்ணு மலருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

மாம்பழத்துக்கு வர எந்த வாரம் லீவு போடட்டும் என்று போன வாரம் கேட்டாய். "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இதற்குக்கூட அப்பாவிடம் பதில் இல்லையா என்று நினைத்திருப்பாய். உண்மையாகவே இல்லை கண்ணு. ஏன் இல்லை என்பதை போனில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் யார் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஐப்பசி கார்த்திகையில் மழை, மார்கழியில் ராக்குளிர். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது தோட்டம் மொத்தமும் பூவாக நிற்கும். பூத்த நூறு, நூற்றிருபது நாளில் காய் முற்றும். சித்திரைக் கடைசியில் செந்தூரா, வைகாசியில் பெங்களூரா, ஆனியில் நீலம். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதைப் போல வெட்டுக்கு நாள் குறிப்போம்.

இன்றைக்குக் காலையில் கிணற்று மேட்டுச் செந்தூராவுக்கு அடியில் போய் நின்றேன். நீ ஊஞ்சல் கட்டி ஆடினாயே, அதே மரம். கிழக்குப் பக்கக் கிளை மார்கழி பிறந்ததும் பூத்துவிட்டது. அதில் இப்போது மிளகளவு பிஞ்சு. மேற்குப் பக்கம் பூவே இல்லை, செம்பு நிறத்தில் தளிர் தொங்குகிறது. வடக்குக் கிளையில் மொட்டு இன்னும் திறக்கவே இல்லை. ஒரே மரம், ஒரே வேர், மூன்று பக்கமும் மூன்று மாதம்.

அதைவிட ஒன்று பார்த்தேன். ஒரு கொத்தை ஒடித்துக் கையில் வைத்துப் பார்த்தால் பாதி பூ, பாதி இலை. இளஞ்சிவப்புக் காம்பில் அடிப்பக்கம் சின்னச் சின்ன இலைகள் விரிந்திருக்கின்றன, நுனியில் பூ. மொட்டு எதுவாக ஆவது என்று தீர்மானிக்கும் நேரத்தில் குளிரும் வெப்பமும் மாறி மாறி வந்தால் இப்படி ஆகும். முன்பும் அங்கொன்று இங்கொன்று கண்ணில் படும். இந்தத் தடவை ஒரே கிளையில் ஒன்பது எண்ணினேன். கீழே போட மனசு வரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மா மரத்துக்குப் பூக்கச் சொல்லி வரும் சேதி குளிர்தான். இலை முற்றிக் கரும்பச்சையாக இருக்க வேண்டும். இரவு 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து சில வாரம் நிற்க வேண்டும். அப்போது இலையில் உருவாகும் ஒரு சத்து மொட்டுக்குப் போய் அதைப் பூவாக்குகிறது. ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மொட்டு தளிராகப் பார்க்கும். மழை மார்கழி வரை இழுத்தாலும் அப்படித்தான். பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். தோட்டக்காரனுக்கு ராத்திரி சூடாவதுதான் பெரிய கஷ்டம்.

நீ இங்கிலாந்தில் நாரிச்சுக்கு வேலைக்குப் போன புதிதில் ஒரு செய்தி சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? உன் ஊருக்கு வடக்கே ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற கிராமத்தில் ராபர்ட் மார்ஷம் என்ற பண்ணைக்காரர், 1736-இலிருந்து வருஷா வருஷம் முதல் பூ எப்போது, முதல் இலை எப்போது, தவளை எப்போது கத்தியது என்று எழுதிவைத்தார் என்று. அவர் போன பிறகும் குடும்பத்தார் 1958 வரை எழுதினார்களாம். அப்புறம் கேம்பிரிட்ஜ் ஆட்கள் செய்த கணக்கையும் அனுப்பினாய். அந்த நாட்டில் 1753 முதல் எழுதப்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேலான குறிப்புகள், 406 வகைச் செடிகள். 1987-க்குப் பிறகு முதல் பூ சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதம் முந்திவிட்டது. பூத்த பிறகு உறைபனி விழுந்தால் அத்தனையும் கருகும் என்றும் சொன்னாய். அங்கே குளிர் சீக்கிரம் விலகுவதால் பூ முந்துகிறது. இங்கே வர வேண்டிய குளிர் சரியாக வராததால் பூ குழம்புகிறது. இரண்டு இடத்தையும் சூடாக்கும் அடுப்பு ஒன்றுதான்.

நம் வீட்டில் அப்படி யாரும் எழுதிவைக்கவில்லையே என்று அன்றைக்கு வருத்தப்பட்டேன். அப்புறம்தான் குத்தகை நோட்டு ஞாபகம் வந்தது. வியாபாரி பூவைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டான். அப்படியென்றால் அட்வான்ஸ் தேதிதான் பூவின் தேதி. பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இருபத்தெட்டு வருஷம் இருக்கிறது. முதல் பன்னிரண்டு வருஷமும் தேதி தை மாதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் இரண்டு பக்கம் உன் கையெழுத்து. அப்புறம் ஒரு வருஷம் மார்கழி, ஒரு வருஷம் மாசி, ஒரு வருஷம் இரண்டு தடவையாகப் பாதிப் பாதி. ஒரு வருஷத்தை வைத்து நான் பேசவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அந்த நோட்டைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் தோட்டத்தில் காவலுக்கு இருந்த பெரியவரை, "மார்கழியில் தண்ணீர் விட்டுத்தானே மரம் தளிர்த்தது" என்று ஒரு தடவை ஊரார் முன்னால் திட்டிவிட்டேன். அவர் விடவே இல்லை என்று அழுதார், நான் நம்பவில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது உண்மையாக இருக்கும் என்று பட்டது. இப்போது அவர் இல்லை.

பூ ஒன்றாக வந்தால் மருந்தும் ஒன்றாக அடிக்கலாம். மூன்று தடவையாக வந்தால் தத்துப்பூச்சிக்குத் தொடர்ந்து விருந்து. மரத்தடியில் நடந்தால் தூறல் மாதிரி சடசடவென்று இலையில் மோதுகிறது. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் கரும்புகை படிந்த மாதிரிப் பூசணம். போன வருஷம் முதல் பூவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவர், இரண்டாவது பூவுக்கு மருந்துச் செலவு கட்டாது என்று பாதியில் விட்டுப் போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்தில் பூவை ஒன்றாக வரவைக்க வேரில் பாக்லோபூட்ரசால் என்ற மருந்தை ஊற்றுகிறார்கள். நானும் யோசித்தேன். உன் தாத்தா நட்ட மரங்களுக்கு அதைச் செய்ய எனக்கு மனசு இல்லை. தப்போ சரியோ, இந்த வருஷம் ஊற்றவில்லை.

சரி, லீவு விஷயம். இப்போதே டிக்கெட் போடாதே. வடக்குக் கிளையில்தான் இந்த வருஷம் மொட்டு அதிகம். அது விரிகிற அன்றைக்கே போட்டோ அனுப்புகிறேன், அந்தத் தேதியிலிருந்து நூறு நாள் நீயே எண்ணிக்கொள். உன் மேலதிகாரி முன்கூட்டியே தேதி கேட்பார் என்று தெரியும். கிழக்குக் கிளைக் காய் நீ வருவதற்குள் முடிந்துவிடும். அதிலிருந்து அம்மா உனக்கும் பேரனுக்கும் ஆவக்காய் போட்டுவைக்கிறாள்.

உன் வீட்டுக்குப் பின்னால் வேலியில் ஹாதார்ன் என்ற முள்மரம் இருக்கிறது என்றாயே, அது பூக்கிற தேதியைப் பேரனை எழுதிவைக்கச் சொல். நோட்டில் வலது பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அவன் சொல்லும் தேதியை அங்கே எழுதிக்கொள்கிறேன்.

விடிந்ததும் மறுபடி மேட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி கொஞ்சம் குளிர் இருந்தது.

அன்புடன்,
அப்பா